இருமல் மருந்துப் பாட்டில்

38 ஆண்டுகள் தண்டவாளமும் ஜல்லியும் பார்த்துக்கொண்டிருந்தவன் வைத்திய ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்த ரயில்வே பொறியாளன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் அடுகோடி வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்பியது. அங்கே பெயின்ட் வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு ஷெட்டில் தங்கியிருந்தார். திருவண்ணாமலைப் பக்கம். இரவில் அவர் இருமுவது எங்கள் மாடிவரை கேட்கும். ஒரு நாள் காலையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை சார், பட்டி தேய்க்கிற தூசி" என்றார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். மருந்து குடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

மருந்து என்று அவர் காட்டியது இருமல் மருந்துப் பாட்டில். ஷெட்டின் மூலையில் காலியானவை 5 இருந்தன. தெருமுனைக் கடையில் வாங்கியவை சில. ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்தவை சில. அந்தப் பாட்டில்களைப் பார்த்ததும் எனக்கு 40 வருஷத்துக்கு முந்தைய தும்கூர் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாளே ஆட்டோ வைத்து, நிம்ஹான்ஸ் பக்கம் உள்ள சர்க்கார் நெஞ்சக மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போனேன். ஆட்டோக்காரருக்கு அது இன்றும் "டி.பி. ஆஸ்பத்திரி"தான். சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

தும்கூர் கதைக்கு முன்னால் சென்னைக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சேத்துப்பட்டில் ஒரு கேள்வி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போனவர்கள் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பீர்கள்: தாம்பரம் சானடோரியம். ஒரு ஆஸ்பத்திரியின் பெயரே ரயில் நிலையத்தின் பெயராகிவிட்டது. காசநோய் வந்தால் அந்தக் காலத்தில் அதுதான் வழி. ஊருக்கு வெளியே நல்ல காற்று, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை. வசதியும் சிபாரிசும் உள்ளவர்களுக்குப் படுக்கை கிடைத்தது. மற்றவர்களுக்கு வீட்டுத் திண்ணைதான்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் 1952இல் ஐசோனியாசிட் மாத்திரையும் வந்தன. இனி நோய் குணமாகும் என்ற நிலை வந்ததும் புதிய கேள்வி ஒன்று பிறந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை கட்ட எந்த ஏழை நாட்டிடமும் பணம் இல்லை. நோயாளியை அவர் குடிசையிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றிவிடாதா?

இதற்கு விடை தேடத்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த காரியம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்னின்று நடத்தினார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் குறைவு, ஓய்வு குறைவு. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது சானடோரியத்தில் 100க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 100க்கு 86 பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமான செய்தி, 5 வருஷம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து தொடங்குமுன்பே பரவ வேண்டியது பரவியிருக்கிறது. தொடங்கிய பின் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. 1959இல் முதல் வருஷ முடிவு வெளியானபின் சானடோரியங்களின் காலம் உலகெங்கும் மெல்ல முடிவுக்கு வந்தது.

என் தாய்மாமா புளியந்தோப்பில் ஒரு மில் தொழிலாளி. 1965, 66 வாக்கில் அவரும் சேத்துப்பட்டில் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர். ஒரே அறையில் 7 பேர் இருந்த வீடு. பள்ளி விடுமுறைக்குப் போன எனக்கு நினைவில் இருப்பது ஒரு கைப்பிடி அளவு பெரிய மாத்திரைகளும், அவற்றை விழுங்கும்போது மாமாவின் முகம் போன போக்கும்தான். சில நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மையத்திலிருந்து ஆள் வந்துவிடுவார்கள். மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதனைக்கு வாங்கிக்கொள்வார்கள். "போலீஸ்காரன் மாதிரி வர்றாங்க" என்று அத்தை முணுமுணுப்பார். மாமா குணமாகி 74 வயதுவரை இருந்தார்.

அவர்கள் எண்ணியதற்குக் காரணம் இருந்தது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. தண்டவாளத்தில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதையும் நடந்து, கழன்ற சாவியை அடித்து இறுக்கிவிட்டு வருவார். நேற்றுச் சரியாக இருந்தது என்பதால் இன்று நடக்காமல் இருக்க முடியாது. இந்த வைத்தியமும் அப்படித்தான் என்பதைச் சென்னை மையம் கண்டுகொண்டது. வாரம் இருமுறை நேரில் வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1964இல் காட்டியவர்களும் அவர்களே.

தும்கூரில் கேட்ட கேள்வி

மாத்திரை வீட்டிலேயே வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. நோயாளி எங்கே இருக்கிறார்? அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இது இரண்டாவது கேள்வி. இதற்காக 1959இல் நம் பெங்களூர் பல்லாரி சாலையில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது. 1960இல் பண்டித நேரு வந்து திறந்து வைத்தார்.

அன்றைய பொதுவான எண்ணம் என்ன தெரியுமா? கிராமத்து மக்கள் படிப்பறிவு இல்லாதவர்கள், நோயை உணர மாட்டார்கள், ஆகவே எக்ஸ்ரே வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பிடித்துவர வேண்டும் என்பதுதான். நிறுவனத்தில் பணிபுரிந்த டி. பானர்ஜி என்ற மருத்துவரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்ற டென்மார்க் நாட்டவரும் இதை அப்படியே ஏற்கவில்லை. தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

1963இல் வெளியான விடை எல்லோரையும் தலைகுனிய வைத்தது. நோயாளிகளில் 100க்கு 95 பேர் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்தே இருந்தார்கள். 52 பேர் அதற்காக வைத்திய உதவி தேடி வெளியே புறப்பட்டும் இருந்தார்கள். அவர்களில் பலர் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்திருக்கிறார்கள். அங்கே சளியைச் சோதிக்காமல், ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அறியாமை நோயாளியிடம் இல்லை, மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தது. இதையும் இதைப் போன்ற பெங்களூர் ஆய்வுகளையும் வைத்தே 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. தனிக் காசநோய் ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டாம். அருகிலுள்ள சாதாரண சுகாதார நிலையத்திலேயே சளிச் சோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அக்காலத்தில் இந்தியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்ப் பணியில் பல ஆண்டுகள் இருந்த ஹால்ஃப்டான் மாலர்தான் பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1978இல் அல்மா ஆட்டா மாநாட்டில் "அனைவருக்கும் நலவாழ்வு" என்ற குரல் எழுந்தது அவர் காலத்தில்தான்.

இப்போது என் கடனைச் சொல்கிறேன். 1984இல் நான் தும்கூர் பகுதியில் பி.டபிள்யூ.ஐ. வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. என் கேங்கில் ஒருவர், 45 வயது இருக்கும், எப்போதும் இருமுவார். பீட்டர் எனப்படும் ஜல்லி இடிக்கும் கருவியைத் தூக்கினால் இரண்டு அடியில் மூச்சு வாங்கும். "பீடியைக் குறைச்சுக்கோப்பா" என்று நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து சிவப்பு மருந்து வைத்த சின்னப் பாட்டிலை எடுத்துக் காட்டுவார். ஒரு மருந்தகத்தில் மாதா மாதம் கொடுக்கிறார்கள் என்பார். நானும் வைத்தியம் நடக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ரத்தம் கக்கினார். 10 நாளில் போய்விட்டார். அவர் பெண்டாட்டிக்கு வர வேண்டிய பணத்துக்குக் காகிதம் தயார் செய்தவன் நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, நம் சங்கத்து மருத்துவர் ஒருவர் தும்கூர் ஆய்வைப் பற்றிச் சொல்லி, அந்தப் பழைய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். பாட்டில் என்ற வார்த்தையைப் படித்ததும் அதற்குமேல் ஓடவில்லை. என் கேங்மேன் கையில் அந்தப் பாட்டில் இருந்ததற்கு 20 வருஷம் முன்பே, அதே மாவட்டத்தில், அதே பாட்டிலைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியது மருந்தகம்வரை வந்து சேரவில்லை.

ஆப்பிரிக்கா போய் வந்த பாடம்

நம் பக்கத்து ஆராய்ச்சி இங்கே தயங்கி நின்றாலும் கடல் கடந்து ஆப்பிரிக்காவில் காலூன்றியது. கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நாடுகளிலும் நம்மைப் போலவே படுக்கையும் இல்லை, பணமும் இல்லை. வாலஸ் ஃபாக்ஸ் சென்னையிலிருந்து திரும்பியபின் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய்ப் பிரிவை நடத்தினார். கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவர்களுடன் சேர்ந்து அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று 1972இல் வெளிவந்தது. அதுவரை வைத்தியம் 18 மாதம். ரிஃபாம்பிசின் அல்லது பைரஸினமைடு என்ற மருந்தைச் சேர்த்துக்கொடுத்தால் 6 மாதம் போதும் என்று அந்த நான்கு நாட்டு நோயாளிகள் மூலம் நிரூபணமாயிற்று. இன்று உலகம் முழுவதும் கொடுக்கப்படும் 6 மாத வைத்தியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் பெயின்டர் தம்பி சாப்பிட்டதும் அதன் வழிவந்த வைத்தியமே.

1977இல் தான்சானியாவில் கரேல் ஸ்டிப்ளோ என்ற மருத்துவரின் வழிகாட்டுதலில் தேசியத் திட்டம் தொடங்கியது. அதன் உயிர் ஒரு பதிவேடு. மருந்து தொடங்கிய ஒவ்வொருவரும் என்ன ஆனார், குணமா, இறப்பா, பாதியில் நின்றாரா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். ஒருவரும் கணக்கில் விடுபடக்கூடாது. ரயில்வேக்காரனான எனக்கு இதன் அருமை புரியும். ரயில்பாதையைக் காப்பாற்றுவதில் பாதி வேலை பதிவேட்டில்தான் நடக்கிறது.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக நெருக்கடி என அறிவித்தது. தான்சானியாவின் முறையைத்தான் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. 1997இல் இந்தியாவும் அதை ஏற்றுத் தன் திட்டத்தைத் திருத்தி அமைத்தது. சென்னையில் கண்ட கண்காணிப்பு முறை ஆப்பிரிக்கா போய், பதிவேடும் 6 மாத மருந்தும் சேர்த்துக்கொண்டு, முப்பது சொச்சம் வருஷம் கழித்து வீடு திரும்பிய கதை இது.

ஆப்பிரிக்கா நமக்கு எச்சரிக்கையும் தந்தது. மலிவு என்று அங்கும் இங்கும் கொடுக்கப்பட்ட தயாசிட்டசோன் என்ற மாத்திரை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கடுமையான தோல் பாதிப்பை உண்டாக்குவதை 1991இல் நைரோபி ஆய்வு காட்டியது. அதன்பின் அது கைவிடப்பட்டது. விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையையும் இந்தியா 2017இல் நிறுத்தி, தினசரி மருந்துக்கு மாறிவிட்டது. ஒரு காலத்தில் சரியாக இருந்த விடையை மறுபடி சோதித்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

நம் பெங்களூரும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் சும்மா இருக்கவில்லை. இங்குள்ள பிக்டெக் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ட்ரூநாட் என்ற சின்னக் கருவி பேட்டரியில் ஓடும், ஏ.சி. அறை வேண்டாம், சுமார் ஒரு மணி நேரத்தில் சளியில் காசநோய்க் கிருமி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை ஏற்றது. நைஜீரியாவில் மின்சாரம் நிலையில்லாத ஊர்களில் அது வேலை செய்கிறது.

சாப்பாடும் மருந்துதான்

சென்னை ஆய்வைப் படித்த சிலர், குணமாவதற்குச் சத்துணவு முக்கியமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி உண்மை அது. மருந்து வேலை செய்ய முட்டையும் பாலும் நிபந்தனை இல்லை என்பதுதான் சென்னை காட்டியது. பசித்த உடம்பில் நோய் எளிதாகப் புகும் என்பதை அது மறுக்கவில்லை.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முன்னின்றார்கள். சேத்துப்பட்டு மையமும் பங்கு கொண்டது. அதற்கு 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நோய் 48 சதம் குறைந்தது. 2023இல் இது வெளியானது. அரிசி பருப்பு தடுப்பூசியைப் போல வேலை செய்திருக்கிறது!

நாம் செய்யக்கூடியது

2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் நம் நாட்டவர். ஏறக்குறைய அதே அளவு ஆப்பிரிக்காவில். குணமாக்கும் மருந்து இருந்தும் இந்த நிலை.

பிழைப்புக்காக வந்த ஊரில் நோயை மறைப்பவர்கள் நம்மில் அதிகம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், வேலை போகும், பெண்ணுக்கு வரன் தட்டிப் போகும் என்ற பயம். இந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெயின்டர் தம்பியின் மேஸ்திரியும் முதலில் ஷெட்டைக் காலி செய்யத்தான் சொன்னார். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் அபாயம் பெரிதும் குறைந்துவிடும் என்று டாக்டரே எடுத்துச் சொன்னபிறகுதான் இறங்கி வந்தார். மறைத்து வைக்கும் நாட்களில்தான் வீட்டுக் குழந்தைகளுக்கு அதிக ஆபத்து.

ஆகவே சகோதர சகோதரிகளே, 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என எது இருந்தாலும் சளியைச் சோதித்துவிடுங்கள். சர்க்கார் நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு வேறு மருந்து உண்டு. நடுவில் நிறுத்தக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோரையும் சோதிக்க வேண்டும். நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் உணவுக்காக அரசு தருகிறது (2024 நவம்பருக்கு முன் அது 500). வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். கன்னடத்தில் படிவம் நிரப்பித் தர நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்!

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2022 முதல் "நிக்ஷய் மித்ரா" என்ற ஏற்பாடு இருக்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு, சங்கம் போன்ற அமைப்புகள் 6 மாதத்துக்கு உணவுப் பொருள் கொடுக்கப் பொறுப்பேற்கலாம். ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் மாலைக்கும் நாம் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை ஒதுக்கினால் அடுகோடி, ஈஜிபுரா, நீலசந்திரா பக்கத்தில் சில வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் போகும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். முதல் வீட்டுக்கான 6 மாதச் செலவு என் ஓய்வூதியத்திலிருந்து.

பெயின்டர் தம்பிக்கு 6 மாதம் முடிந்து, கடைசிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் நோய் இல்லை. குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். கட்டடம் முடிந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஷெட்டைப் பிரித்தபோது அந்தக் காலிப் பாட்டில்கள் அப்படியே கிடந்தன. நானே பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

என் கேங்மேனுக்கு நான் செய்யத் தவறியது இதுதான்: "எத்தனை நாளாக இருமல்?" என்று ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ, வாசலில் இஸ்திரி போடுபவரிடமோ அந்தக் கேள்வியை நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.